நாற்பத்து நான்காவது கடிதம்

ஜூன் 5, திங்கள்

நாற்பத்து மூன்றாவது கடிதத்தை இன்று தபாலில் சேர்த்தேன். பெறுநர், மாவட்ட நூலக அலுவலர். பொருள், குறுக்குப்பாறை கிளை நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவு, இவ்வூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த ஆண்டு 1937 என்று தொடர்ந்து தவறாகச் சொல்லிவருவது குறித்து. சரியான ஆண்டு 1934. நகலை நீல ஃபைலில் வைத்தேன். ஃபைல் இப்போது மூடுவதில்லை. சணல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் தேய்ந்திருக்கும். மனைவி பகவதி சொன்னாள்: "ஊருக்குக் கொழாய் என்னைக்கு வந்துதுன்னு சண்ட போடுத மனுசன், வீட்டுக் கொழாய் என்னைக்கு நிக்கும்னு சொன்னா நல்லாருக்கும்."

குழாயடியில் வாளியை வைத்தேன்.

ஜூன் 8, வியாழன்

தபால்காரர் இசக்கி பதிவுத் தபால் ஒன்று கொண்டுவந்தார். அனுப்புநர், கிளை நூலகம். "வாங்க மறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பினேன். 2016இல் அவர்கள் அனுப்பிய முதல் பதிலில் "தங்கள் கூற்றுக்கு ஆதாரம் ஏதுமில்லை" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு மன்னிப்புக் கேட்கும்வரை அங்கிருந்து வரும் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு முடிவுதான்.

இசக்கி, "அண்ணாச்சி, நீங்க வாங்கமாட்டியன்னு தெரிஞ்சும் நான் வெயில்ல சைக்கிள் மிதிச்சி வாறேன் பாருங்க" என்றார். மோர் கொடுத்தேன்.

ஜூன் 12, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் நசீமா. பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் துறை; மாவட்ட நூலக அலுவலர் அனுப்பியிருக்கிறார். "உங்க கடிதம் நாப்பத்திமூணையும் வாசிச்சேன் ஐயா" என்றார்.

"நாப்பத்திமூணாவது போன திங்கள்தான் போட்டேன்."

"அதுவும் வந்துட்டு. கையோட வாசிச்சிட்டுத்தான் வாறேன்."

எட்டு ஆண்டில் அவற்றை முழுவதும் வாசித்த முதல் ஆள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

நூலகத்தில் குறிப்புதவிப் பிரிவு என்பது சுவரோரம் நாலு அலமாரி, ஒரு மேஜை, ஒரு ஆள். ஊர்க்காரர்கள் ரெஃபரன்ஸ் மேஜை என்பார்கள். எந்தச் சந்தேகம் கேட்டாலும் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது அந்த மேஜையின் வேலை. அது ஒழுங்காக நடக்கிறதா என்று மாவட்டத்துக்கு ஐயம். வாசகர்களிடம் படிவம் கொடுத்துக் கேட்டார்களாம். நூற்றுப் பன்னிரண்டு படிவம். நூற்றுப் பன்னிரண்டும் "மிக நன்று". எனக்கு வியப்பில்லை. நம் வாசகர்கள் நல்லவர்கள். மின்விசிறியைப் போட்டுவிட்டாலே மிக நன்று போட்டுவிடுவார்கள். பதில் சரியா என்பதை யார் பார்த்தார்கள்?

நசீமா அதையேதான் சொன்னார். "சிரிச்ச முகத்தை அளந்திருக்காங்க. பதிலை அளக்கலை."

ஆகவே வேறு முறை. ஒரு சாதாரண வாசகர் போய், இருபது கேள்விகளை, குறித்த நாளில் குறித்த நேரத்தில் கேட்க வேண்டும். முதலில் பொதுவாகக் கேட்க வேண்டும். மேஜையில் இருப்பவர் திருப்பிக் கேட்டால்தான் உண்மையான கேள்வியைச் சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் பதிலையும், எந்தப் புத்தகம் என்று சொன்னார்கள் என்பதையும் படிவத்தில் எழுத வேண்டும். இது சோதனை என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. சரி, தவறு என்பதை நசீமா தன்னிடமுள்ள விடைகளோடு ஒப்பிட்டுப் போடுவார். இருபதில் பன்னிரண்டு சரியாக இருந்தால் பிரிவு நீடிக்கும். இல்லாவிட்டால் அந்த அறை நகராட்சியின் பழைய கோப்புகளுக்குப் போகும். புத்தகங்கள் மாவட்டக் கிடங்குக்கு. மேஜையில் இருக்கும் அம்மாளுக்கு வேறு ஊர்.

அந்தச் சாதாரண வாசகராக என்னைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

"பழைய கோபத்தை மனசுல வச்சுக்கிட்டு எழுதமாட்டீங்களே ஐயா?"

"பம்ப் ஹவுஸ்ல முப்பத்தோரு வருசம் லாக் புஸ்தகம் எழுதுனவன். கேஜ் முள்ளு என்ன காட்டுதோ அதத்தான் எழுதுவேன். எஞ்சினியரே மாத்தி எழுதச் சொன்னாலும் எழுதமாட்டேன். எழுதாம ரெண்டு மெமோ வாங்கிருக்கேன்."

"அதுக்குத்தான் உங்கள்ட்ட வந்தேன்" என்றார்.

பிரிவு மூடப்படும் என்றால் மூடப்படட்டும். தவறான பதில் சொல்லும் மேஜை எதற்கு?

ஜூன் 13, செவ்வாய்

நசீமா எனக்கு விளங்காத ஒன்றைக் கேட்டார், நேற்று எழுத விட்டுப்போயிற்று. "ஒரு வருஷத்துக்காக எட்டு வருஷமா ஏன் ஐயா?" என்று.

2015இல் நகராட்சி நூற்றாண்டு விழா. மலர் வெளியிட்டார்கள். இருபத்திரண்டாம் பக்கத்தில், ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது 1937 என்று அச்சிட்டிருந்தார்கள். நான் எழுந்து, 1934 என்று சொன்னேன். ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தின் முதல் பம்பில் அந்த எண் இரும்போடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கிறது. நான் வேலையில் சேர்ந்தபோது அது மாற்று இயந்திரமாக நின்றது. முப்பத்தோரு ஆண்டு தினமும் அந்த எண்ணைத் துணியால் துடைத்திருக்கிறேன். மேடையிலிருந்து ஒருவர், "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். எட்டாம் வகுப்பு என்றேன். சபை சிரித்தது. "நாங்க லைப்ரரில கேட்டு எழுதியிருக்கோம் பெரியவரே, உக்காருங்க" என்றார்.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அப்போது மேஜையில் இருந்தவர் வேறொருவர். எந்த ஆதாரம் என்று கேட்டேன். அவர் நூற்றாண்டு மலரை எடுத்து இருபத்திரண்டாம் பக்கத்தைக் காட்டினார்.

அன்று மாலை முதல் கடிதம் எழுதினேன்.

ஜூன் 14, புதன்

முதல் கேள்வி. காலை 10.30.

மேஜையில் இருப்பவர் பெயர் ஜெபக்கனி. வந்து நான்கு ஆண்டு ஆகிறது. நான் தினமும் செய்தித்தாள் வாசிக்கப் போகிறவன்தான், ஆனால் அந்த மேஜைப் பக்கம் போவதில்லை. இன்று போய் நின்றேன்.

"நெலக்கடல பத்தி புஸ்தகம் இருக்கா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு, "கடலையில என்ன தெரியணும் அண்ணாச்சி? பயிர் வைக்கவா, எண்ணெய் ஆட்டவா, பலகாரத்துக்கா?" என்றார்.

"மொதல்ல எந்த நாட்டுலருந்து வந்துதுன்னு தெரியணும்."

கலைக்களஞ்சியத்தை எடுத்து, பக்கத்தை விரித்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். தென் அமெரிக்கா. "வாயால சொன்னா நாளைக்கு மறந்துரும். எழுதிக்கிடுங்க. தொகுதி, பக்கமும் சேத்து எழுதிக்கிடுங்க."

படிவத்தில் எழுதினேன். திருப்பிக் கேட்டாரா? கேட்டார். ஆதாரம் சொன்னாரா? சொன்னார்.

முதல் நாள் எந்த மோட்டாரும் சத்தமில்லாமல்தான் ஓடும். பார்ப்போம்.

ஜூன் 20, செவ்வாய்

நான்காவது கேள்வி. அந்த அம்மாள் விடுப்பு. கிளை நூலகர் வேலாயுதம் மேஜையில் உட்கார்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாம்பன் பாலம் எந்த வருசம் சார் தொறந்தாங்க?"

"அறுவத்திநாலு."

"எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"அண்ணாச்சி, இதுக்கெல்லாம் புஸ்தகமா? சின்னப்பிள்ளக்கித் தெரியும்."

தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. படிவத்தில் பதிலை மட்டும் எழுதினேன். தீர்ப்பை இங்கே எழுதுகிறேன்: தவறு. அறுபத்து நான்கு புயல் வந்த ஆண்டு. பாலம் திறந்தது 1914.

பேனாவை அழுத்தி எழுதினேன். இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 23, வெள்ளி

நூலகம் விடுமுறை. ரேஷன் கடையில் பாமாயில் இல்லை. குழாய் சொட்டுகிறது.

ஜூன் 27, செவ்வாய்

ஏழாவது கேள்வி. பழைய செப்புப் பட்டயம் கையில் இருந்தால் அதைச் சுத்தம் செய்யலாமா, கூடாதா? அந்த அம்மாள் மூன்று புத்தகம் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியலை அண்ணாச்சி. இங்க இருக்க புஸ்தகத்துலயும் இல்ல. நாளைக்கு வாங்க, கேட்டு வைக்கேன்" என்றார்.

நாளை போக எனக்கு அனுமதி உண்டா என்று நசீமாவிடம் தொலைபேசியில் கேட்டேன். போகலாம் என்றார்.

ஜூன் 28, புதன்

போனேன். மாவட்டத்தில் விசாரித்து, அங்கிருந்த ஒரு கையேட்டின் பக்கத்தை வரவழைத்து, தாளில் எழுதி வைத்திருந்தார். வீட்டில் தேய்க்கக் கூடாது, காட்டிக் கேட்க வேண்டிய இடம் அரசு அருங்காட்சியகம்.

எழுபத்தொரு வயதில், "தெரியலை" என்று சொன்ன அலுவலக ஊழியரை முதல்முறையாகப் பார்க்கிறேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

ஜூலை 3, திங்கள்

கேள்வி இல்லாத நாள். இருந்தும் அலமாரிப் பக்கம் போனேன்.

பொறியியல் தொகுதி இன்னும் அதே தட்டில்தான் இருக்கிறது. 1979இல் வேலையில் சேர்ந்த புதிதில், தண்ணீர் ஏன் சில நாள் ஏறாமல் நிற்கிறது என்று இளநிலைப் பொறியாளரிடம் கேட்டேன். "நீ வால்வத் திருப்பினா போதும், ஏன்னு கேக்காத" என்றார். அன்று சாயங்காலம் இந்த அறைக்கு வந்தேன். ஆங்கில அகராதியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, பம்பைப் பற்றிய பதினோரு பக்கத்தை நான்கு மாதம் வாசித்தேன். ஐந்தாம் மாதம் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தேன். பொறியாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

புத்தகத்தின் முதுகு கிழிந்திருந்தது எனக்கு நினைவு. இப்போது நீலத் துணி ஒட்டித் தைத்திருக்கிறது. ஜெபக்கனி பக்கத்தில் வந்து நின்றார்.

"நான்தான் தச்சேன் அண்ணாச்சி. உள்ள பாருங்க, யாரோ பென்சில்ல கோடு போட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழ்ல அர்த்தம் எழுதியிருக்காங்க. அழிக்கணும்னு ரப்பர எடுத்தேன். மனசு வரல."

நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 5, புதன்

பன்னிரண்டு கேள்வி முடிந்தது. என் கணக்கில் ஏழு சரி. வேலாயுதம் நான்கில் நான்கும் தவறு. ஜெபக்கனி எட்டில் ஒன்று தவறு. வேலாயுதம் இருக்கும் நாளில் என்னை ஏன் அனுப்ப வேண்டும், நாள் மாற்றிக்கொள்ளலாமா என்று நசீமாவிடம் கேட்டேன்.

"மாத்தினா அது சோதனை இல்லையே ஐயா. வாசகர் நாள் பாத்தா வருவாங்க?"

சரிதான். சும்மாதான் கேட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

பதினான்காவது கேள்வியை நசீமா கொடுத்த உறையிலிருந்து எடுத்து இரண்டு முறை வாசித்தேன். "குறுக்குப்பாறைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த ஆண்டு எது?"

எட்டு ஆண்டுக்குப் பிறகு, அரசாங்கப் படிவத்தில், அவர்கள் வாயாலேயே அந்தத் தவறைப் பதிவு செய்யப்போகிறேன். வேட்டியை மாற்றிக்கொண்டு போனேன்.

"நம்ம ஊரு தண்ணி பத்தி ஒரு விசயம் தெரியணும்."

ஜெபக்கனி எதுவும் திருப்பிக் கேட்கவில்லை. மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டை எடுத்து வைத்தார். ஐந்து உறைகள். ஐந்திலும் என் கையெழுத்து. வாங்க மறுப்பு, வாங்க மறுப்பு, வாங்க மறுப்பு.

"இந்தக் கேள்விய நீங்க நேர்ல வந்து கேப்பியளான்னு இருந்தேன் அண்ணாச்சி. அஞ்சுலயும் ஒரே பதில்தான் இருக்கு. பிரிங்க."

"நான் மறுத்த தபால்."

"மறுத்தது உங்க வீட்டு வாசல்ல. இது லைப்ரரி. வாசகர் கேட்டா ஆதாரத்தக் காட்டணும், அது என் வேல. நீங்க பிரிக்கியளா, நான் பிரிக்கவா?"

பிரித்தேன். உள்ளே ஒரு கடிதம், நான்கு நகல் பக்கங்கள். நகராட்சியின் நிர்வாக அறிக்கை, 1936–37. அட்டையில் வெளியிட்ட ஆண்டு 1937 என்று இருக்கிறது. ஜெபக்கனி ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார். குழாய்த் தண்ணீர் திறந்துவிடப்பட்டது, 1936 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை.

"எனக்கு முன்னால இருந்தவர் அட்டைய மட்டும் பாத்துட்டு முப்பத்தேழுன்னு சொல்லிட்டார். உள்ள பிரிச்சிப் பாக்கல. உங்க கடுதாசி வரலன்னா நானும் பாத்திருக்கமாட்டேன். ஆவணக் காப்பகத்துக்கு மூணு தடவ போயி எடுத்தது இது."

"அப்ப முப்பத்திநாலு?"

"அடுத்த பக்கம்."

பம்பு 1934இல் வார்க்கப்பட்டு, 1935இல் கப்பலில் வந்திருக்கிறது. ஆற்றங்கரையில் கிணறு தோண்டும்போது பாறை குறுக்கிட்டு வேலை நின்றிருக்கிறது. ஓராண்டுக்கு மேல் பம்பு கொட்டகையில் கிடந்திருக்கிறது.

"நீங்க பாத்த நம்பரு நிசந்தான் அண்ணாச்சி. ஆனா அது பம்பு பொறந்த வருசம். தண்ணி வந்த வருசம் இல்ல."

"இத ஏன் மலர்ல திருத்தல?"

"புகார் குடுத்தவர் பதில வாங்கிக் கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைல் முடியும். ஃபைல் முடிஞ்சாத்தான் திருத்தச் சொல்லி எழுத முடியும். நீங்க வாங்கலையே."

வாசலுக்கு வந்து படிவத்தை நிரப்பினேன். விடை: 1936. ஆதாரம்: நிர்வாக அறிக்கை, பக்கம் 9. திருப்பிக் கேட்டாரா: தேவைப்படவில்லை.

ஆக, 1937 தவறு என்று நூலகமே ஒப்புக்கொண்டுவிட்டது. எட்டு ஆண்டுப் போராட்டத்துக்கு வெற்றி. 1934 பற்றி இப்போது எழுத ஒன்றுமில்லை.

பகவதி பாயசம் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 12, புதன்

ஆற்றங்கரைக்கு நடந்து போய் வந்தேன். காவலாளி தெரிந்தவர், உள்ளே விட்டார். எண் அப்படியே இருக்கிறது. துடைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 24, திங்கள்

இருபதாவது கேள்வியும் முடிந்தது. வேலாயுதம்கூட ஒன்று சரியாகச் சொன்னார். வெண்கலத்தில் என்னென்ன சேரும் என்ற கேள்வி. அவர் மாமனாருக்குப் பாத்திரக்கடை. இருந்தாலும் அகராதியை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் சொன்னார்.

என் கணக்கில் பன்னிரண்டு. பிழைத்தது.

பிழைத்தது என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடிக்க வேண்டாம், இருக்கட்டும்.

ஆகஸ்ட் 2, புதன்

நசீமா வந்தார். முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"பதினொண்ணு ஐயா."

"பன்னெண்டு."

"பதினொண்ணு. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

எட்டுத் தவறு என்று நான் எண்ணியவை எட்டும் இருந்தன. ஒன்பதாவதாகச் சிவப்பு மையில் இருந்தது பதினான்காம் கேள்வி. அவர் வைத்திருந்த விடை 1937.

"எங்கருந்து எடுத்தீங்க?"

"நூற்றாண்டு மலர். இருபத்திரண்டாம் பக்கம். அச்சில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்."

என் பிரதியை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன். "தகவல் உதவி: கிளை நூலகம், குறிப்புதவிப் பிரிவு."

"என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதாம்மா? மலர் லைப்ரரியக் கேட்டு எழுதுச்சு. லைப்ரரி மலரக் காட்டுச்சு. இப்ப நீங்க அந்த மலர வச்சி லைப்ரரிக்கு மார்க் போடுதீங்க. பழைய தப்பு விடையக் கையில வச்சிக்கிட்டு, இப்ப சரியா எழுதுன பேப்பர அடிச்சிருக்கீங்க."

அன்று நூலகத்தில் பிரித்த உறையை நசீமாவிடம் நீட்டினேன். நிர்வாக அறிக்கையின் நகலை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, "இது என் தப்புதான் ஐயா. ஆனா ஒரு சிக்கல் இருக்கு" என்றார்.

"என்ன?"

"நான் விடையை மாத்தினா, முடிவு பண்ற மாவட்டக் குழு ஏன்னு கேக்கும். ஃபைலைத் திறப்பாங்க. அதுல உங்க நாப்பத்திமூணு கடிதம் இருக்கு. எல்லாத்துலயும் முப்பத்திநாலு. கேள்வி கேட்ட ஆளே முப்பத்திநாலுங்கிறார், மலர் முப்பத்தேழுங்குது, மேஜை முப்பத்தாறுங்குது, இது முடியாத சண்டை, கேள்வியையே கணக்குல எடுக்காதீங்கன்னுருவாங்க. அப்பவும் பதினொண்ணுதான். பன்னெண்டு வேணும்."

நான் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. இனி எழுத வேண்டியவன் நான். குழு கூடுவது எட்டாம் தேதி.

ஆகஸ்ட் 3, வியாழன்

எழுதவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

எழுதவில்லை. பரணைச் சுத்தம் செய்தேன். மாத்திரை வாங்கினேன்.

ஆகஸ்ட் 5, சனி

செய்தித்தாள் வாசிக்கப் போனேன். நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் குறிப்புதவி அறையை நாடாவால் அளந்துகொண்டிருந்தார்கள். இன்னும் முடிவாகாத ஒன்றுக்கு அளவு எடுக்கிறார்கள். ஒருவர் பொறியியல் தொகுதியைக் காலால் நகர்த்தினார். அதைத் தரையில் யார் வைத்தது என்று தெரியவில்லை. எடுத்துத் தட்டில் வைத்தேன். "மிதிக்கதுக்கு வேற எடம் கெடைக்கலயா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெபக்கனி, "விடுங்க அண்ணாச்சி" என்றார். ஊர் மாற்றினால் மகளைப் பத்தாம் வகுப்பு நடுவில் பள்ளி மாற்ற வேண்டியிருக்கும் என்று யாரிடமோ தொலைபேசியில் சொன்னது முன்பே என் காதில் விழுந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். பகவதி பார்த்துக்கொண்டே இருந்தாள். "எட்டு வருசமா என்னோடயா குடும்பம் நடத்துனிய, அந்த முப்பத்திநாலோடல்ல நடத்துனிய. அதப் பிரியணும்னா செரமமாத்தான் இருக்கும். காப்பி போடுதேன், எழுதுங்க" என்றாள்.

எழுதிய கடிதத்தை இங்கே அப்படியே படியெடுக்கிறேன்.

"ஐயா, கடிதம் எண் 44. என் முந்தைய நாற்பத்து மூன்று கடிதங்களில் இவ்வூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த ஆண்டு 1934 என்று எழுதியிருந்தேன். அது தவறு. 1934 இயந்திரம் வார்க்கப்பட்ட ஆண்டு. நான் இரும்பில் இருந்ததை மட்டும் வாசித்தேன். தண்ணீர் வந்தது 11.10.1936. இதை ஆதாரத்துடன் கண்டுபிடித்துச் சொன்னவர் குறிப்புதவிப் பிரிவின் திருமதி ஜெபக்கனி. அவர் அனுப்பிய பதில்களை ஐந்து முறை வாங்க மறுத்தது என் பிழை. 1937 என்பதும் தவறு என்பதில் எந்த மாற்றமும் இல்லை. இப்படிக்கு, ச. ஆவுடையப்பன், பம்பு இயக்குபவர் (ஓய்வு)."

கடைசிக்கு முந்தைய வரியை எடுத்துவிடலாம் என்று பகவதி சொன்னாள். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

தபாலை நம்பவில்லை. பேருந்து ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போய் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். நசீமா அங்கே இருந்தார். கடிதத்தை வாசித்தார். மேஜையில் வைத்துவிட்டுத் தேநீர் சொல்லியனுப்பினார். குடித்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

குழு இன்று. தொலைபேசி வரவில்லை. குழாய்க்கு வாஷர் வாங்கினேன். அரை அங்குலம். மாட்டவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

காலை 9.40. தொலைபேசியில் நசீமா.

"பன்னெண்டு ஐயா."

முதலில் இரண்டு பேர் கேள்வியைத் தள்ளச் சொன்னார்களாம். நசீமா நாற்பத்து நான்காவது கடிதத்தை எழுந்து நின்று வாசித்தாராம். "1937 என்பதும் தவறு என்பதில் எந்த மாற்றமும் இல்லை" என்ற வரி வந்ததும் குழுத் தலைவர் சிரித்துவிட்டு, இந்த மனுசன் பொய் சொல்லமாட்டார், போடுங்க பன்னிரண்டு என்றாராம். 2015இல் சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு.

பிரிவு நீடிக்கும். அறை எங்கும் போகாது. வேலாயுதத்துக்கு ஆறு வாரப் பயிற்சி. இனிமேல் அந்த மேஜையிலிருந்து எந்தப் பதில் போனாலும், புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றும் கூடப் போக வேண்டும். மாவட்டத்தில் எல்லாக் கிளைக்கும் இதுதான் விதி.

அந்த விதியைக் கேட்டு நான் எழுதியது ஏழாவது கடிதத்தில். 2016, மார்ச். நீல ஃபைலில் சரிபார்த்துக்கொண்டேன்.

பகவதி கேட்காமலே பாயசம் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நூற்றாண்டு மலரின் இருபத்திரண்டாம் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டினார்கள். பசையைப் பார்த்தேன், தண்ணீராக இருந்தது. நானே வேறு பசை வாங்கி ஒட்டினேன். கோணல் இல்லாமல் இருக்கிறது.

வேலாயுதம் வந்து, "அண்ணாச்சி, இப்ப சந்தோசந்தான?" என்றார்.

"பயிற்சி முடிச்சிட்டு வாங்க. மொத நாளு வந்து பாம்பன் பாலம் எந்த வருசம்னு கேப்பேன்."

"அறுவத்தி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு அலமாரிப் பக்கம் போனார். அந்த ஒரு காட்சிக்கே நாற்பத்து நான்கு கடிதம் தகும்.

ஜெபக்கனி பொறியியல் தொகுதியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார், கூடவே கூராகச் சீவிய ஒரு பென்சிலும். பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். விதி விதிதான். புத்தகத்தை வாசித்தேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாட்டினேன். நின்றுவிட்டது. பகவதி கையைக் கீழே வைத்துச் சிறிது நேரம் சொட்டுக்காகக் காத்திருந்து பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்கு இசக்கி. பதிவுத் தபால். அனுப்புநர், கிளை நூலகம், குறிப்புதவிப் பிரிவு. பேனாவை நீட்டிக்கொண்டே, "வழக்கம்போல எழுதித் தாங்க அண்ணாச்சி, வெயிலு ஏறுது" என்றார்.

வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன். இசக்கி கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார். மோர் கொடுத்து அனுப்பினேன்.

உள்ளே ஒரு அட்டையின் நகல். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு மேஜையில் நிரந்தரமாக வைக்கும் அட்டை. தட்டச்சு செய்திருந்தது.

"குறுக்குப்பாறைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த நாள்: 11.10.1936. ஆதாரம்: நகராட்சி நிர்வாக அறிக்கை 1936–37, பக்கம் 9.

முதல் பம்பு வார்க்கப்பட்ட ஆண்டு: 1934. ஆதாரம்: திரு. ச. ஆவுடையப்பன், பம்பு இயக்குபவர், முப்பது ஆண்டுகள் நேரில் கண்டது."

நான்கு முறை வாசித்தேன். பகவதிக்கு ஒரு முறை சத்தமாக வாசித்துக் காட்டினேன். புத்தகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் இருக்கிறது.

ஒரு பிழை உண்டு. முப்பது அல்ல. முப்பத்தோரு ஆண்டு, நான்கு மாதம். நாளை வெள்ளி, விடுமுறை. சனிக்கிழமை காலை முதல் ஆளாகப் போய் ஜெபக்கனியிடம் சொல்ல வேண்டும். கடிதம் வேண்டாம். நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்.